எட்டாம் நாளின் கணக்கு

சென்ற இதழில் ஜப்பானின் சுமோ மற்போர் பற்றி எழுதியபோது, பதினைந்து நாள் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நடுநாள்தான் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே அதிகம். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கோப்பை கொடுப்பது கடைசி நாளில். அப்படியிருக்க, பாதி வழியில் வரும் ஒரு நாளில் அப்படி என்ன சிறப்பு இருக்க முடியும்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தொழில்முறைச் சுமோவில் ஆண்டுக்கு 6 பெரும்போட்டிகள். ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோ, மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா என்று ஊர் ஊராக நடக்கும் இவை ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 15-ஆம் நாளான ஞாயிற்றுக்கிழமை முடிகின்றன. இடையில் வரும் ஞாயிறுதான் எட்டாம் நாள். அதை ஜப்பானியர் 'நகாபி' என்கிறார்கள். நடுநாள் என்று பொருள். கபுகி நாடகக் கொட்டகைகளிலும் வழங்கும் சொல் அது.

முதற் பிரிவான மகூச்சியிலும் அடுத்த பிரிவான ஜூர்யோவிலும் உள்ள 70 மல்லர்கள் நாளுக்கு ஒரு முறை வீதம் 15 முறை களமேறுகிறார்கள். பதினைந்து ஒற்றைப்படை எண் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எல்லா நாளும் களம் கண்டவர் யாரும் சரிபாதியில் நின்றுவிட முடியாது. எட்டு வெற்றி பெற்றால் 'கச்சிகோஷி', அதாவது தேறிவிட்டார். தரவரிசையில் பெரும்பாலும் ஏறுவார். எட்டுத் தோல்வி கண்டால் 'மகெகோஷி', இறங்குவார். 42 பேர் கொண்ட மகூச்சியில் கோப்பைக்குக் குறி வைப்பவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மற்ற அனைவரும் அந்த எட்டு என்ற எண்ணுக்காகத்தான் வியர்வை சிந்துகிறார்கள்.

எட்டாம் நாள் மாலையில்தான் அந்தக் கணக்கு முதன்முதலாக வாய் திறக்கிறது. ஒரு தோல்வியும் காணாதவர் அன்றே தேறிவிடுகிறார். ஒரு வெற்றியும் காணாதவரின் கதை அன்றே முடிந்துவிடுகிறது. பட்டியலில் வெற்றிக்கு வெள்ளை வட்டமும் தோல்விக்குக் கறுப்பு வட்டமும் இடுவார்கள். ஒருவருடைய வரிசையில் வெள்ளையும் கறுப்பும் நான்கு நான்காக நின்றால், ஒரு வாரம் பட்ட பாடு அத்தனையும் கழிந்து அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார் என்று பொருள். முழங்காலில் கட்டு ஏறியிருக்கும், உடல் களைத்திருக்கும், எஞ்சிய ஏழு நாள்களில் நான்கு வென்றாக வேண்டும். ஜூர்யோவின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு இது வயிற்றுப்பாட்டுக் கணக்கும் ஆகும். அந்தப் பிரிவில் மாதச் சம்பளம் சுமார் 11 லட்சம் யென், அதற்கு ஒரு படி கீழே இறங்கினால் மாதச் சம்பளமே கிடையாது. கடைசி நாளில் நாம் பார்ப்பது முடிவை. முடிவு உருவாகும் இடத்தைப் பார்க்க விரும்புகிறவர் நடுநாளில் போய் உட்கார வேண்டும்.

கேள்வி: யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்களா? (ஈரோடு வாசகி)

பதில்: குலுக்கல் இல்லை, முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணையும் இல்லை. சுமோவை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவதே இந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு நாள்களின் இணைகளைப் போட்டி தொடங்குமுன் முடிவு செய்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளுக்கான இணைகளிலிருந்து தொடங்கி, ஓய்வுபெற்ற மல்லர்களான தீர்ப்பாளர்கள் ஒவ்வொரு நாளும் கூடி, அதுவரை யார் எத்தனை வென்றிருக்கிறார் என்று பார்த்து மறுநாளுக்கான இணைகளை அமைக்கிறார்கள். தலைமை நடுவர் மேடையேறி, தூரிகையால் பெயர் எழுதிய பெரிய தாள்களை ஒவ்வொன்றாக உயர்த்திப் படிக்க, உதவியாளர் அவற்றை வாங்கி நான்கு புறமும் காட்டுகின்ற ஒரு சிறு சடங்கும் அதற்கு உண்டு. ஒரே பயிற்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்களையும் உடன்பிறந்தவர்களையும் இணை சேர்ப்பதில்லை. இருவரும் சம வெற்றிகளோடு முடித்து, கோப்பைக்காக மீண்டும் மோத நேர்ந்தால் மட்டுமே விலக்கு. 1995 நவம்பரில் தகானொஹானாவும் அவருடைய அண்ணன் வாகானொஹானாவும் அப்படி மோத, அண்ணன் வென்றார்.

வழக்கமாக முதல் வாரத்தில் ஒருவர் தம் தரத்துக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களையே சந்திப்பார். ஆகவே அடிவரிசை மல்லர் ஒருவர் தொடர்ந்து வென்றுகொண்டே போனால் நடுநாளில் ஒரு சிக்கல் எழுகிறது. பெரியவர்கள் எவரையும் சந்திக்காமலே அவர் முன்னணியில் நிற்பார். அப்படியே விட்டுவிட்டால் கோப்பைக்கு மதிப்பு இராது. அதனால் இரண்டாம் வாரத்தில் தீர்ப்பாளர்கள் அவரை வரிசையின் மேலே இழுத்து, பெரிய தலைகளுக்கு எதிரே நிறுத்துகிறார்கள்.

2024 மார்ச் ஒசாகாப் போட்டியை இதற்குச் சான்றாகச் சொல்வேன். மகூச்சிக்குள் அப்போதுதான் முதன்முறையாக நுழைந்த தகெருஃபுஜி, 17-ஆம் நிலை என்ற அடிவரிசையில் இருந்து, நடுநாள் முடிவில் எட்டுக்கு எட்டு வென்று நின்றார். அதன் பிறகு அவருக்கு இரக்கம் காட்டவில்லை. பத்தாம் நாள் ஓனொசாதோ, பதினொன்றாம் நாள் 'ஓசெகி' என்ற இரண்டாம் பெரும் பட்டத்தை அப்போதுதான் பெற்றிருந்த கொதொனொவாகா என்று எதிரிகள் வளர்ந்துகொண்டே போனார்கள், அவர்களையும் வென்றார். பன்னிரண்டாம் நாள் ஓசெகி ஹோஷோர்யூ அவரை நிறுத்தினார். பதினான்காம் நாள் அசானொயாமாவிடம் தோற்றபோது வலது கணுக்கால் முறுக்கிக்கொண்டு, சக்கர நாற்காலியில் வெளியேறி மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் கட்டுப் போட்ட காலோடு வந்து கோனொயாமாவை வீழ்த்தி, 13 வெற்றி 2 தோல்வியோடு கோப்பையைத் தூக்கினார். மகூச்சிக்கு வந்த முதல் போட்டியிலேயே கோப்பை வென்றவர், 1914-க்குப் பின் 110 ஆண்டுகளில் அவர் ஒருவரே. அவரிடம் தோற்ற ஓனொசாதோவும் அவரை நிறுத்திய ஹோஷோர்யூவும் 2025-இல் 'யோகொசுனா' என்ற உச்சப் பட்டத்தை அடைந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பாளர்கள் அவருக்கு வைத்த சோதனையின் கடுமை விளங்கும்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1960 ஜனவரியில் இதேபோல் புதிதாக நுழைந்த தைஹோ என்ற இளைஞர், பின்னாளில் 32 கோப்பைகள் வென்றவர், முதல் 11 நாளும் வென்றார். பன்னிரண்டாம் நாள், மேல்வரிசையில் இருந்த காஷிவாதோவை அவருக்கு எதிரே நிறுத்தினார்கள். காஷிவாதோ அவரை வீழ்த்தினார். 64 ஆண்டு இடைவெளியில் அதே பதினொன்று, அதே பன்னிரண்டாம் நாள்.

கேள்வி: மோதல் பத்து விநாடிகூட இல்லை. ஆனால் அதற்கு முன் உப்பை வீசுவதும் முறைப்பதும் எழுந்து போவதுமாக நேரம் கழிகிறது. இதைக் குறைக்கக் கூடாதா? (கோவை வாசகர்)

பதில்: ஏற்கெனவே குறைத்திருக்கிறார்கள். 1928-இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கும்வரை இதற்கு நேர வரம்பே இருந்ததில்லை. இப்போது மகூச்சியில் 4 நிமிடம், ஜூர்யோவில் 3 நிமிடம்.

சுமோவில் மோதலைத் தொடங்கி வைக்க மணியோ ஊதலோ இல்லை. களத்தின் நடுவே 70 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். அவற்றுக்குப் பின்னால் குந்தி, இருவருடைய கைகளும் மண்ணைத் தொட்ட பிறகு, இருவரும் மனமொத்து ஒரே மூச்சில் பாய வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டால் மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். பகைவர் இருவர் ஒரே கணத்துக்கு ஒப்புக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு நான்கு நிமிடம் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நான்கு நிமிடத்தில் ஒரு சிறு செயலைக் கவனியுங்கள். களத்தின் மூலையில் மரவாளியும் அகப்பையும் இருக்கும். அடுத்து மோதப்போகிறவர் வாய் கொப்பளிக்க, அகப்பையில் நீர் மொண்டு நீட்டுபவர் அதே பக்கத்தில் சற்றுமுன் வென்ற மல்லர். அவர் தம் மூச்சே இன்னும் அடங்காத நிலையில், வியர்வை வடிய மண்டியிட்டு, இரு கையாலும் அந்த அகப்பையைப் பிடித்திருப்பார். தோற்றவர் நீர் கொடுக்கக் கூடாது. களத்துக்குத் தலை வணங்கிவிட்டுப் போய்விட வேண்டும். நடுநாளில் ஏழு தோல்வியோடு நிற்கும் மல்லரைப் பாருங்கள். ஒரு வாரமாக, வென்றவராக அந்த அகப்பையை நீட்டாத கை அவருடையது. தமக்கு நீட்டப்படும் நீரை அவர் வாங்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. அதற்கும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. நேரம் முடிந்தது என்ற குறிப்பு வந்ததும் கடைசி முறையாகத் துணியால் முகத்தையும் அக்குளையும் துடைத்துக்கொண்டு, உப்பை அள்ளி வீசித் திரும்புவார். அப்போது அரங்கமே அதிரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 45 கிலோ உப்பு இப்படிச் செலவாகிறது என்பார்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் மாலை நேர மோதல்களை மட்டுமே காட்டுகிறார்கள். காலையிலிருந்து என்ன நடக்கிறது? (நாகர்கோவில் வாசகி)

பதில்: நல்ல கேள்வி. காலை எட்டரை மணியளவில், இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் அரங்கில், சம்பளமில்லாத நான்கு கீழ்ப்பிரிவுகளின் இளைஞர்கள் மோதத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டுக் கச்சை அவர்களுக்கு இல்லை. கறுப்புப் பருத்திக் கச்சைதான். மேல்வரிசையினரின் கச்சையில் விறைப்பாகத் தொங்கும் நூல்கள் இவர்களுக்குத் துவண்டு தொங்கும்.

இவர்களுக்கு 15 நாளில் 7 மோதல்கள் மட்டுமே. இரண்டு நாளுக்கு ஒன்று என்று வருவதால், நடுநாள் முடிவதற்குள் எல்லோரும் நான்கு முறை களம் கண்டிருப்பார்கள். நான்கு வெற்றியே இங்கே தேர்ச்சி. ஆகவே நான்கையும் வென்றவர் தேறிவிட்டார். நான்கையும் இழந்தவர் இறங்கப்போவது உறுதியாகிவிட்டது. ஒரே கணக்கில் இருப்பவர்களையே இணை சேர்ப்பதால், நடுநாளில் மூன்று தோல்வியோடு ஒருவர் களமேறினால் எதிரே நிற்பவரும் பெரும்பாலும் மூன்று தோல்வி கண்டவராகவே இருப்பார். கைதட்ட ஆளில்லாத காலை வேளையில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தள்ளும் தள்ளில் உள்ள வேகம், மாலையில் வரும் பட்டக்காரர்களின் மோதலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

பெரும்பாலான போட்டிகளில் நடுநாளன்று இன்னொன்றும் நடக்கும். தொழிலுக்குப் புதிதாக வந்த சிறுவர்களை மேடையேற்றி அறிமுகம் செய்வார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். குடுமி கட்ட முடி வளர்ந்திராது. பொன்னும் வண்ணமுமாகப் பூவேலை செய்த, இடுப்பிலிருந்து முன்பக்கம் தொங்கும் கனமான சடங்கு முன்றானையைத் தம் ஆசிரியரிடமிருந்தோ மூத்தவரிடமிருந்தோ அன்று ஒருநாளைக்கு இரவல் வாங்கிக் கட்டியிருப்பார்கள். நடுவர் அறிமுக உரையைப் படித்து முடித்ததும், கால் எங்கே வைப்பது என்று பக்கத்தில் நிற்பவனைக் கடைக்கண்ணால் பார்த்தபடி நான்கு திசையும் வணங்கி இறங்குவார்கள். அந்த முன்றானையைத் தனக்கென்று ஒன்றாக உடுத்த வேண்டுமானால் ஜூர்யோவரை ஏற வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே போய்ச் சேர்வதில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் காட்சி எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கிறது.

கேள்வி: போட்டியின் பாதியில் பல மல்லர்கள் விலகிவிடுகிறார்களே, ஏன்? (திருச்சி வாசகர்)

பதில்: காயம்தான் காரணம். எடைப் பிரிவு இல்லாத விளையாட்டு இது. மகூச்சியில் சராசரி எடை 160 கிலோ அளவில் இருக்கிறது. களம் தரைமட்டத்தில் இல்லை, மண்ணை இடித்து உயர்த்திய திண்ணை, 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை விட்டுத் தள்ளப்படுகிறவர் பல சமயம் கீழேயும் போய் விழுகிறார்.

ஆனாலும் விலகுகிறவர்களைவிட, விலக வேண்டிய நிலையில் விலகாமல் நிற்பவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வராத நாள் ஒவ்வொன்றும் தோல்வியாகவே எண்ணப்படும். களத்தில் பட்ட காயத்துக்காக அடுத்த போட்டிக்கு வராமல் இருந்தால் தரம் இறங்காது என்று 1972 முதல் ஒரு விதி இருந்தது. அது தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி 2003-ஓடு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான்கு நான்கு என்ற கணக்கில் நிற்கும் மல்லர், முழங்கால் வீங்கியிருந்தாலும் ஒன்பதாம் நாள் வந்து நிற்கிறார். ஓசெகியாக இருந்த தெருனொஃபுஜி முழங்கால் காயத்தாலும் நோயாலும் கீழிருந்து இரண்டாம் பிரிவுவரை சரிந்து, பிறகு 2021-இல் யோகொசுனாவாக எழுந்த கதையை எல்லோரும் வீரக் கதையாகச் சொல்கிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை, ஆனால் ஓய்வெடுக்க ஒரு வழி இருந்திருந்தால் அந்தச் சரிவு அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது என்றும் நான் நினைக்கிறேன். அதே 2021 மார்ச்சில் ஹிபிகிர்யூ என்ற கீழ்ப்பிரிவு மல்லர் தலைகுப்புற விழுந்து, முகம் மண்ணில் பதிந்தபடி சில நிமிடங்கள் அசையாமல் கிடந்தார்; ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். விழுந்தவரை அசைக்காமல் மருத்துவரை உடனே வரவழைப்பது பற்றிய பேச்சும் பயிற்சியும் அதற்குப் பின்னரே வலுப்பெற்றன. பழைய விதியைத் திருத்தங்களோடு மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கேள்வி: இவையெல்லாம் முன்பே பேசி வைத்துக்கொண்டு நடத்துவது என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: நடந்திருக்கிறது. பேஸ்பால் சூதாட்ட விசாரணைக்காகக் காவல்துறை மல்லர்களிடமிருந்து கைப்பற்றிய கைப்பேசிகளில், வெற்றியை விலைபேசும் குறுஞ்செய்திகள் இருந்தது 2011 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த மாதம் நடக்க வேண்டிய ஒசாகாப் போட்டியையே நிறுத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் தொழிலை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்கு முன்பே அமெரிக்கப் பொருளியலாளர் இருவர், கடைசி நாளில் ஏழு வெற்றியும் ஏழு தோல்வியுமாக வருகிறவர் இயல்புக்கு மீறி அதிகமாக வெல்வதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். எட்டு என்ற எண்ணுக்கு இருக்கும் விலை அப்படி. ஆனால் அந்தச் சிலரைக் கொண்டு எல்லோரையும் அளப்பது, காலை எட்டரை மணிக்கு ஆளில்லாத அரங்கில் மோதும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: மகளைப் பார்க்க டோக்கியோ போகிறோம். நடுநாள் ஞாயிறுக்கு நுழைவுச்சீட்டுக் கிடைத்திருக்கிறது. எத்தனை மணிக்குப் போனால் போதும்? (சென்னை வாசகி)

பதில்: முடிந்தால் காலையிலேயே போய்விடுங்கள். ர்யோகொகு நிலையத்தில் இறங்கினால் கொகுகிகான் அரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. 1985-இல் திறந்தது, சுமார் 11,000 பேர் அமரலாம். கீழ்த்தளத்தில் காலணியைக் கழற்றிவிட்டு மெத்தை மேல் சம்மணமிட்டு அமரும் நால்வர் கட்டங்கள். நம் வீட்டார்க்கு அதில் சிரமம் இராது. மேல்தளத்தில் நாற்காலி. அரங்கின் அடித்தளத்திலேயே சுடும் கோழி இறைச்சித் துண்டுகள் பெயர் பெற்றவை. கோழி இரண்டு காலில் நிற்பது, நான்கு காலில் இல்லை. கை தரையில் பட்டால் தோல்வி என்பதால் மல்லர்களுக்கும் அது நல்ல சகுனம்.

காலையில் போக முடியாவிட்டால் பிற்பகல் இரண்டு மணிக்காவது உள்ளே இருங்கள். மூன்றே முக்கால் மணியளவில் மகூச்சி மல்லர்கள் சடங்கு முன்றானையோடு வட்டமாக நிற்பார்கள். பின்னர் யோகொசுனா வெண்கயிறு கட்டி வந்து காலைத் தூக்கி மண்ணை மிதிப்பார். ஆறு மணிக்குச் சற்று முன் கடைசி மோதல் முடியும். எல்லோரும் எழுந்தாலும் நீங்கள் எழாதீர்கள். ஒருவர் வந்து வில்லைச் சுழற்றும் சடங்கு பாக்கி இருக்கிறது.

வெளியே வந்ததும் வாசலில் 16 மீட்டர் உயரத்தில் ஒரு பரண் தெரியும். அதன் உச்சியில் இருவர் அமர்ந்து முழவு அடிப்பார்கள். கலைந்து போகும் கூட்டத்தைப் பார்த்து நாளையும் வாருங்கள் என்று அழைக்கும் அடி அது. கடைசி நாளில் அதை அடிப்பதில்லை, அழைக்க மறுநாள் இல்லாததால். நடுநாளில் அடிப்பார்கள், ரயிலுக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.